ஹெட்போன் டப்பாவில் கிராம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஹெட்போன் வாங்குவது பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. பேஸ் (தாழ்ந்த கனமான ஒலி) எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம், வெளி இரைச்சலை எவ்வளவு அடக்கும், எந்தெந்த நிறத்தில் கிடைக்கும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். எல்லாம் சரி. அதைத் தலையில் மாட்டினால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று ஒரு வரி இல்லை. எத்தனை கிராம் என்றுகூட இல்லை. எழுதியவர் ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு எந்த ஹெட்போனும் சுகம்தான்.

என் வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை இங்கே உட்கார்ந்து கேட்டு டைப் செய்கிறோம். இப்போது பாதியைக் கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் முழுப் பதிவையும் கேட்டுக்கொண்டேதான் திருத்த வேண்டும். ஆகவே ஷிஃப்ட் முழுக்கக் காதில் ஹெட்போன் இருந்தாக வேண்டும். என்னைப் போலவே கால் சென்டரில் இருப்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள், ஆன்லைனில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்கு வகுப்பு கேட்கிற பிள்ளைகள் என்று இந்த ஊரில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பாட்டுக் கேட்க வாங்குகிறவர்களைவிட நாங்கள்தான் அதிக நேரம் மாட்டியிருக்கிறோம். ஆனால் எங்களை மனதில் வைத்து யாரும் எழுதுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாடைக்குக் கீழே தொங்குகிற ஹெட்செட் கொடுத்தார்கள், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல. தலைமேல் ஒன்றும் கிடையாது. முடி கலையாது, பூ வைத்துக்கொள்ளலாம், எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் ரப்பர் நுனி காதுக்குள் உட்கார்ந்து ஷிஃப்ட் முடிவதற்குள் துவாரமே புண்ணாகிவிடும். அப்புறம்தான் எல்லோரும் தலையில் மாட்டுகிற ரகத்துக்கு மாறினோம். தொல்லை காதுக்குள்ளிருந்து வெளியே வந்தது, அவ்வளவுதான்.

எடையை முதலில் பார்த்துவிடுவோம். 1979-இல் சோனி வாக்மேனோடு கொடுத்த ஹெட்போன் சுமார் 50 கிராம். ஸ்டுடியோக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிற சென்ஹைசர் எச்டி 600 (1997-இல் வந்தது, இன்றும் விற்கிறது) 260 கிராம். இரைச்சல் அடக்குகிற சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 254 கிராம். ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். அலுமினியமும் எஃகும் வைத்துச் செய்தால் அப்படித்தான் இருக்கும். பெரிய காந்தங்கள் வைத்த பிளானர் ரகத்தில் சில அரைக் கிலோவைத் தாண்டுகின்றன. பேட்டரி, மைக், சர்க்யூட் என்று உள்ளே ஒவ்வொன்றாக ஏற ஏற எடையும் ஏறும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனிதத் தலையே நாலரை, ஐந்து கிலோ. அதைத் தாங்குகிற கழுத்துக்குக் கால் கிலோ ஒரு பொருட்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற வரை கழுத்துக்கு அது பெரிய பாரம் இல்லை. அந்தக் கால் கிலோ எங்கே இறங்குகிறது என்பதில்தான் விஷயம். மேல்பட்டை அகலமாக, தலையின் வளைவுக்குப் பொருந்தி இருந்தால் எடை பரவிவிடும். குறுகலாக இருந்தாலோ, வளைவு பொருந்தாமல் உச்சியில் மட்டும் பட்டாலோ, இரண்டு விரல் அகல இடத்தில் மொத்தமும் இறங்கும். உச்சந்தலையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல் சதை கிடையாது. முதல் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணியில் அந்த இடத்தை விரலால் தொட்டால் கொப்புளம் தொடுகிற மாதிரி ஒரு வலி இருக்கும். முடி கொட்டிய ஆண்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அதற்காக எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. சென்ஹைசர் எச்டி 25 என்று டிஜேக்கள் விரும்புகிற மாடல் ஒன்று 1988-இலிருந்து வருகிறது. 140 கிராம்தான். தலையை ஆட்டினாலும் நகராது, ஏனென்றால் பக்கவாட்டில் அப்படிப் பிடிக்கும்; அதுவும் காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே உட்காருகிற ரகம். டிஜேக்கு அது தேவை. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்குக் காது மடல் கன்றிப்போகும். பிடியைத் தளர்த்தினால் எடை முழுக்க உச்சிக்குப் போகிறது, கீபோர்டைக் குனிந்து பார்த்தால் ஹெட்போன் முன்னால் சரிகிறது. பிடியை இறுக்கினால் எடையில் ஒரு பங்கைக் கன்னமும் காதோரமும் வாங்கிக்கொள்ளும், ஆனால் தாடை நோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள், தலைக்குத் தலை வேறு. 1984-இல் வந்த காஸ் போர்ட்டா புரோ என்ற ஹெட்போனில் காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு இருக்கும். சிறு விசை ஒன்றை நகர்த்தினால் அழுத்தம் காதிலிருந்து அந்தத் திண்டுக்கு மாறும். நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார்.

கடையில் மாட்டிப் பார்க்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: காட்சிக்கு வைத்திருக்கும் ஹெட்போனை நூறு பேர் மாட்டிக் கழற்றியிருப்பார்கள், பட்டை விரிந்திருக்கும், காதுப் பக்கம் இருக்கிற மெத்தை, அதாவது குஷன், பதப்பட்டிருக்கும். டப்பா பிரித்து எடுக்கிற புதுசு அதைவிட இறுக்கமாகத்தான் இருக்கும்.

இனி எந்த விமர்சனத்திலும் நான் பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். தோடு.

நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் காதில் தோடோ கம்மலோ இருக்கும். அதற்குப் பின்னால் திருகாணி இருக்கும். குஷன் காது மடலை அழுத்தும்போது திருகாணியின் முனை காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் போய்க் குத்தும். முதலில் ஏதோ உறுத்துகிறது என்றுதான் தோன்றும். ஷிஃப்ட் முடிந்து கழற்றினால் அந்த இடத்தில் சிவப்பாகக் குழி விழுந்திருக்கும். மாட்டல் போட்டிருந்தால் சங்கிலி குஷன் மடிப்பில் சிக்கும். அவசரத்தில் ஹெட்போனை இழுத்தால் காதும் கூடவே வரும். நான் வேலைக்கு உட்காரும் முன் தோட்டைக் கழற்றிவிடுவேன். மாமியாருக்கு அது பிடிக்காது. "காதை மூளியா வெச்சுக்காதே" என்பார். கடைசியில் பின்பக்கம் தட்டையாக இருக்கிற சின்னக் கம்மல் ஒன்று வாங்கி, வேலை நாட்களுக்கு அது என்று ஆனது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ஆனால் இதே திருகாணி, ஆழமான அகலமான குஷன் உள்ள ஹெட்போனில் எதையும் தொடுவதே இல்லை.

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு கதை. கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். குஷன் மிருதுவாக இருந்தால் காம்பைச் சுற்றி அமுங்கிக் கொடுக்கும். கெட்டியாக இருந்தால் காம்பைத் தலைக்குள் அழுத்தும், போதாக்குறைக்கு அந்தச் சந்து வழியாக பேஸும் போய்விடும். இரைச்சல் அடக்குகிற ரகத்தில் வெளிச் சத்தமும் அதே சந்து வழியாக உள்ளே வரும். தடித்த பிளாஸ்டிக் பிரேமை விட்டு மெல்லிய உலோகக் காம்புக்கு மாறியதில் எனக்குப் பாதித் தலைவலி போனது.

தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. நரம்பியல் டாக்டர்களின் குறிப்புகளை நிறைய டைப் செய்கிறவள் என்பதால் இது எனக்குத் தெரியும். சர்வதேசத் தலைவலிச் சங்கம் தலைவலிகளை வகை பிரித்து எண் கொடுத்து வைத்திருக்கிறது. 2018-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் 4.6.1 என்ற எண்ணில், வெளியிலிருந்து நெற்றியையோ மண்டைத் தோலையோ அழுத்துவதால் வரும் தலைவலி என்றே தனி வகை இருக்கிறது. ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, தலைப்பட்டை போன்றவற்றால் வருவது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரும், எடுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் போகும். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் மைக்ரேன் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். மதிய இடைவேளையில் வலி தானாகவே குறைகிறது என்று அவள் சொன்னபோதுதான் எங்களுக்குப் பொறி தட்டியது. ஹெட்போனை மாற்றிய பிறகு அவளுக்கு அந்த வலி இல்லை. எல்லாத் தலைவலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. கழற்றினால் போகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது குஷன். எடையைவிட இதுதான் எனக்குப் பெரிய குறை.

முதலில் அளவு. குஷனின் நடுத் துளைக்குள் காது முழுசாகப் போய் உட்கார வேண்டும். பெரியவர்களின் காது ஆறு, ஏழு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். துளை வட்டமாக, ஐந்து சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் அது காதைச் சுற்றி உட்காருகிற ரகம் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் உட்காருவது காது மேல்தான். அடுத்தது ஆழம். காது தலையோடு ஒட்டியா இருக்கிறது? வெளியே நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது. ஆழம் போதாவிட்டால் மடலின் நுனி உள்ளே உள்ள மெல்லிய துணியில் போய் முட்டும். துணிக்குப் பின்னால் கெட்டிப் பிளாஸ்டிக். லேசாகத் தொடுவதுதான், ஆனால் நாள் பூராவும் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த நுனி மட்டும் எரியும். நான் கடையில் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்ப்பேன். முதல் கணுவாவது உள்ளே போக வேண்டும். கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும். குஷனுக்குள் இருக்கிற ஸ்பாஞ்சும் நாளாக நாளாகச் சப்பையாகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வாங்கும்போது சரியாக இருந்த ஆழம் அடுத்த வருஷம் இருக்காது. அப்படி அமுங்கினால் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வருகிறது, சத்தத்தின் தன்மையே மாறுகிறது. ஹெட்போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்குகிறவர்களில் பலருக்குக் குஷனை மாற்றினாலே போதும்.

அடுத்தது மேல் உறை. தோல் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் பெரும்பாலும் அது ரெக்ஸின், அதாவது பாலியூரித்தேன் பூசிய துணி. சூடும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் சிதையும். வியர்வையும் தலை எண்ணெயும் அதை வேகப்படுத்தும். சென்னையில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? வருஷம் ஒன்றரை வருஷத்தில் ஓரத்தில் கீறல் விழும், அப்புறம் கறுப்பாகச் செதில் உதிர ஆரம்பிக்கும். காது மடலில், கன்னத்தில், கீபோர்டு சந்துகளில், துண்டில் என்று எங்கும் அது ஒட்டும். ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் இழுசும். ஒரு நாள் அந்தக் கோலத்தோடு பேங்குக்குப் போய்வந்த பிறகுதான், "காதுக்குப் பின்னாடி என்னம்மா கறுப்பா ஒட்டியிருக்கு" என்று மாமியார் கேட்டார். இதில் இன்னொரு கொடுமை, பத்திரமாக பீரோவில் வைத்தாலும் அது உதிரும். மாட்டுவதால் மட்டும் வருகிற தேய்மானம் இல்லை அது, காற்றின் ஈரமே போதும். அதனால் தள்ளுபடியில் பழைய சரக்கை வாங்குகிறவர்கள் டப்பாவில் உற்பத்தி மாதம், வருஷம் பார்த்து வாங்குவது நல்லது. அதைச் சட்டப்படி அச்சடித்திருப்பார்கள்.

வெல்வெட் போன்ற துணி உறை போட்ட குஷன்களும் உண்டு. பேயர்டைனமிக் டிடி 770 புரோவில் வருகிற சாம்பல் நிறக் குஷன் அப்படிப்பட்டது. காற்று போய்வரும், காது வேகாது, செதில் உதிராது. பேஸ் கொஞ்சம் கசியும், வெளிச் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். பேச்சைக் கேட்டு டைப் செய்கிற எனக்கு பேஸ் எதற்கு? ஆனால் துணி வியர்வையை உறிஞ்சும். அடிக்கடி கழற்றித் துவைத்து நிழலில் காயப்போடாவிட்டால் நாறும். மழைக்காலத்தில் காயவும் காயாது. எங்கள் தெருத் தையல்காரரிடம் பழைய வேட்டித் துணியில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்து, ரெக்ஸின் குஷன் மேல் மாட்டியிருக்கிறேன். தினம் ஒன்று, மாற்றி மாற்றி. இதுவரை நான் கண்டதில் மலிவான தீர்வு இதுதான். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன மத்தியானங்களில்கூட காது பிசுபிசுப்பதில்லை.

ஷிஃப்ட் மாறி ஒரே ஹெட்செட்டைப் பகிர்ந்துகொள்கிற அலுவலகங்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். காதில் பூஞ்சை பிடிப்பதற்கு ஈரமும் வெப்பமும் உதவுகின்றன என்பது காது மூக்கு தொண்டை டாக்டர்களின் குறிப்புகளில் நான் திரும்பத் திரும்ப டைப் செய்கிற விஷயம். ஒருவர் வியர்வை ஊறிய ஸ்பாஞ்சை அடுத்தவர் காதில் வைப்பதைவிட, ஆளுக்கு ஒரு ஜோடி குஷன் கொடுப்பது எவ்வளவோ மேல். பெரிய செலவும் இல்லை.

செலவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஹெட்போனுக்குக் குஷன் கேட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். குஷன் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். சரி, காசு கொடுக்கிறேன் என்றேன். தனியாக விற்பதில்லை என்றார்கள். வேறு என்ன செய்யலாம் என்று கேட்டதற்குப் புது மாடலின் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே எல்லாம் நன்றாக வேலை செய்கிற பொருள் அது. ரிச்சி தெருவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். மாடல் பெயர் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. பழைய குஷனைக் கையில் எடுத்துப்போய்க் காட்டியதும் ஒருவர் டப்பா நிறையக் கொட்டி, வைத்துப் பார்த்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். ஒரிஜினல் இல்லை, கொஞ்சம் உயரம் அதிகம், அதனால் என் காதுக்கு ஒரிஜினலைவிட நன்றாகவே உட்கார்ந்தது. ஆனால் விளிம்பில் பசை போட்டு ஒட்டிய குஷனாக இருந்தால் இந்த வித்தையும் நடக்காது. எச்டி 600 மாதிரி மாடல்களுக்கு இத்தனை வருஷம் கழித்தும் குஷன் தனியாகக் கிடைக்கிறது என்றால், முடியாது என்று சொல்கிறவர்களுக்கு மனமில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தியாவில் பொட்டலப் பொருள்களுக்கு 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் இருக்கின்றன. விலை, மாதம், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, நிகர அளவு எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். நிகர அளவை எடையாகவோ, நீளம் கொள்ளளவு போன்ற அளவாகவோ, எண்ணிக்கையாகவோ போடலாம். ஹெட்போனுக்கு எண்ணிக்கைதான் போடுகிறார்கள். உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், நிகர அளவு ஒன்று என்று இருக்கும். உள்ளே ஒரு ஹெட்போன்தான் இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாதா? பிஸ்கட் பாக்கெட்டில் கிராம் கணக்கு இருக்கிறது. நாள் முழுக்கத் தலையில் சுமக்கிற பொருளின் டப்பாவில் இல்லை. இணையக் கடைகளிலும் சில பக்கங்களில் போட்டிருக்கும் எடை டப்பாவோடு சேர்ந்ததா, கேபிளோடு சேர்ந்ததா என்று புரிவதில்லை.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை அட்டவணை போடும்போது குஷனோடு சேர்த்து எத்தனை கிராம், குஷன் துளையின் நீள அகல ஆழம் என்ன, குஷன் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்பதற்கும் இடம் கொடுங்கள். நிறத்துக்கான கட்டத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். எழுதுகிறவர் ஒரு நாள் முழுக்க மாட்டிப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. முடிந்தால் தோடு, கண்ணாடி போட்ட ஒருவரிடமும் கொடுத்துக் கேளுங்கள்.

நுகர்வோர் விவகாரத் துறைக்கும் இதைத் தங்கள் மூலம் தெரிவிக்க விரும்புகிறேன். பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று 2022-இல் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். மொபைல், வாகனம், விவசாயக் கருவி எல்லாம் அதில் வருகின்றன. காதில் மாட்டுகிற பொருளின் குஷனையும் உதிரிப் பாகமாக மதித்து, மாடல் விற்பனையில் இருக்கும் வரையிலும் அதற்குப் பிறகு சில வருஷங்களுக்கும் தனியாக விற்றாக வேண்டும் என்று ஒரு விதி வரலாம். எடையை டப்பாவில் போடச் சொல்வது அதைவிடச் சுலபம். எல்லாக் கம்பெனியும் சரக்கை எடை போட்டுத்தான் அனுப்புகிறார்கள்; அச்சடிக்க டப்பாவின் பின்பக்கத்தில் இடமும் நிறையவே இருக்கிறது.

இப்படிக்கு,
மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஊழியர்,
குரோம்பேட்டை, சென்னை